ஹெரால்டு கார் வாங்கப் போன வாலிபர்: அம்மாவின் சீட்டுப் பணத்தைக் காப்பாற்றிய காந்தத் துண்டு!

சென்னை:-

பளபளக்கும் பெயிண்ட். பழைய கார். பேண்ட் பாக்கெட்டில் ரொக்கம். ஒருவன் ஏமாறுவதற்கு இந்த மூன்றும் போதும். வியாசர்பாடியைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். அவரைக் காப்பாற்றியது பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய ஒரு காந்தத் துண்டும், ஒரு வயதான மெக்கானிக்கின் சந்தேக புத்தியும்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாலிபருக்கு வயது 27. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். "பேரைப் போடாதீங்க, பட்டறைல ஓட்டித் தள்ளிடுவானுங்க" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லை. அப்பா இல்லை. அம்மா வீட்டு வாசலில் இட்லி கடை வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக அம்மா கட்டி வந்த சீட்டு முதிர்ந்து, கையில் 2 லட்சம் ரூபாய் வந்தது.

"செகண்ட் ஹேண்டுல ஒரு மாருதி வாங்கிக்கடா. மழை வந்தா நனையாம போவலாம்" என்பது அம்மாவின் கட்சி. மகன் கேட்கவில்லை. வாங்கினால் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவருடைய தாத்தா.

மெட்ராஸ் கார்

அம்பாசிடர் கல்கத்தா பக்கத்துக் கார். பியட் பம்பாய் கார். ஹெரால்டு மெட்ராஸ் கார். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் தயாரானது. வாலிபரின் தாத்தா அங்கே பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டில் இன்றும் ஹெரால்டு முன்னால் தாத்தா நிற்கும் போட்டோ ஒன்று பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. கார் தாத்தாவுடையது அல்ல. அவர் கடைசிவரை எலக்ட்ரிக் ரெயிலில்தான் வேலைக்குப் போய் வந்தார்.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் இது. உருவம் அமைத்துக் கொடுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரானது. 948 சி.சி. என்ஜின். முதலில் இரண்டு கதவுதான். 1968-ல் நாலு கதவு வைத்த மார்க்-3 வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டை நிறுத்திவிட்டு கெசல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தி நின்றுபோனது.

அதனால் இன்று ஹெரால்டு வாங்குகிறவனுக்கு முதல் தலைவலி சாமான்தான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைய வேண்டும். புதுப்பேட்டையில் குடைய வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் காருக்கு ரப்பர், பிரேக் சாமான்கள் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் கண்ணைக் கட்டும்.

"பம்பாய் பார்ட்டி வர்றாரு!"

அயனாவரம் பக்கம் ஒரு ஷெட்டில் 1965-ம் வருட ஹெரால்டு விலைக்கு இருப்பதாக ஒரு புரோக்கர் தகவல் கொடுத்தார். இரண்டு கதவு. வெளிர் நீலம். பார்த்ததுமே வாலிபர் மயங்கிவிட்டார். தாத்தா போட்டோவில் நிற்பதும் அதே ஜாதி வண்டிதான்.

"டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாரு. ரெண்டு நாப்பது சொல்றாரு. நாளைக்கு பம்பாய் பார்ட்டி ஒருத்தர் வர்றாரு. இன்னிக்கு டோக்கன் போட்டீங்கன்னா வண்டி உங்களுக்கு" என்றார் புரோக்கர்.

பழைய கார் விற்கிற ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு பம்பாய் பார்ட்டி நாளைக்கு வந்துகொண்டே இருப்பார். அவர் வந்து சேர்ந்ததை யாரும் பார்த்தது கிடையாது.

வாலிபர் மறுநாள் சாயங்காலம் 25 ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல வேளையாக பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர், "தம்பி, தனியா போவாத. பாயைக் கூட்டிக்கினு போ" என்று தடுத்தார்.

பாய் என்பவர் புதுப்பேட்டையில் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். வயது 70-க்கு மேல். 14 வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். கார் பார்த்துச் சொல்ல 500 ரூபாயும் ஒரு டீயும் வாங்கிக்கொள்வார்.

"ராத்திரில வண்டி பார்க்கக் கூடாது தம்பி. டியூப் லைட்டுல எல்லா வண்டியும் புது வண்டிதான்" என்று சொல்லி, மறுநாள் காலை 10 மணிக்கு வரச் சொன்னார்.

சூடாக இருந்த பானட்

ஷெட்டுக்குள் போனதும் பாய் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

"எப்ப ஸ்டார்ட் பண்ணே?"

"இப்பதான் பாய்... சும்மா சவுண்டு பார்க்கலாம்னு."

"ஆறட்டும். அதுக்குள்ள மூணு டீ சொல்லு."

சூடான என்ஜின் நன்றாகத்தான் பேசும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜினைக் காலையில் உதைக்கும்போதுதான் அதன் உண்மையான குரல் கேட்கும். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறுவதற்குள் டக டக என்று தட்டும். வாங்குகிறவன் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணி வைப்பது புரோக்கர்களின் பழைய வித்தை.

டீ வருவதற்குள் பாய் ஜிப்பா பாக்கெட்டில் இருந்து காந்தத் துண்டை எடுத்தார். மெல்லிய துணியில் சுற்றியிருந்தது. பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க அந்தத் துணி. கூரையில் வைத்தார். ஒட்டியது. பானட்டில் ஒட்டியது. கதவின் மேல் பாதியிலும் ஒட்டியது. கீழ் பாதிக்கு வந்ததும் காந்தம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது!

பின் மட்கார்டின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழே இருக்கும் பட்டை, டிக்கியின் ஓரம் - எங்கும் இதே கதைதான். இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் பட்டி. துருப்பிடித்து ஓட்டையான இடங்களில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"சப்பாத்தி கனத்துக்கு இருக்கு" என்றார் பாய்.

"பழைய வண்டின்னா லேசா டிங்கரிங் இருக்கத்தானே செய்யும் பாய்?" என்று சமாளித்தார் புரோக்கர்.

பாய் பதில் சொல்லவில்லை. ஒரு கோணியைத் தரையில் விரித்து, டார்ச்சும் ஸ்குரூடிரைவருமாகக் காருக்கு அடியில் நுழைந்தார்.

இரும்புக் கைகள்

ஹெரால்டு வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம் இது. பியட்டில் பாடியும் அடித்தளமும் ஒரே கூடு. ஹெரால்டில் அப்படி இல்லை. லாரிக்கு இருப்பதுபோல் தனி சேசிஸ். அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சேசிசில் இருந்து இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாடி அந்தக் கைகளின் மேல்தான் உட்காருகிறது. சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரும் சேறும் அங்கேதான் போய்த் தங்கும். முதலில் அரிப்பது அவைதான். அவை போனால் கதவு தொங்கும். மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடியில் எங்கு பார்த்தாலும் புத்தம் புதிய கருப்பு பெயிண்ட். பாய் ஸ்குரூடிரைவரை ஒரு கையில் வைத்து அழுத்தினார். பாதி உள்ளே போய்விட்டது.

பிறகு தரை விரிப்பைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங் ஓரங்களில், ஒயர்கள் நுழையும் ஓட்டைகளில் நைசான சாம்பல் நிற வண்டல். கதவின் உட்புறத்தில் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. தண்ணீர் நின்ற அடையாளம்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முழுகிய கார்கள் கொஞ்சம் அல்ல. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் அதே கதை நடந்தது. முழுகிய வண்டியைக் கழுவி, காயவைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. ஒயரிங்கும் சேசிசும் உள்ளுக்குள் அழுகிக்கொண்டே இருக்கும்.

என்ஜின் ஓரளவு ஆறியதும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சைலன்சரில் நீலப் புகை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதித்தபோது ஷெட்டே நீலமாகிவிட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்பரேட்டரைச் சரி செய்தால் போதும். சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி படிந்திருக்கும்.

புது ரிவிட்டு

இதுவரை நடந்தது பணத்தோடு போகிற விவகாரம். அடுத்து பாய் பார்த்ததுதான் வில்லங்கம்.

சேசிஸ் நம்பர் பொறித்த தகடு பழசு. அதை அடித்திருந்த ரிவிட்டு புதுசு! என்ஜின் நம்பர் இருக்கவேண்டிய இடம் கிரைண்டர் வைத்துத் தேய்த்ததுபோல் மழமழவென்று இருந்தது. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் புரோக்கர் ஒரு ஜெராக்ஸ் காப்பியை நீட்டினார்.

"ஒரிஜினல் பேங்க் லாக்கர்ல இருக்கு பாய். பணம் செட்டில் ஆனதும் கைக்கு வந்துரும்."

பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, அம்மாக்கு போன் பண்ணணும்னியே, வெளிய வா" என்றார். வாலிபர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் புரிந்துகொண்டார்.

இருவரும் தெருமுனைக்குப் போவதற்குள் புரோக்கர் ஓடிவந்தார். "சார், ஒண்ணு அறுபது! உங்களுக்காக!"

80 ஆயிரம் ரூபாய் ஒரே நிமிடத்தில் இறங்கியது. நல்ல வண்டியின் விலை அப்படி இறங்காது.

தகடு மாறியதால் அது திருட்டு வண்டி என்று சொல்லிவிட முடியாது. பழைய காரில் என்ஜின் மாற்றுவதும் சகஜம். ஆனால் மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்து ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி இல்லாத வண்டியை வாங்குகிறவன் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் இறங்குகிறான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு பாயும். தெரியாமல் வாங்கியதாக நிரூபித்துத் தப்பினாலும் வண்டி போய்விடும். வழக்குச் சொத்தாகப் போலீஸ் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். நகரில் எந்த ஸ்டேஷன் வாசலில் வேண்டுமானாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

வாலிபர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மாவிடம் 25 ஆயிரத்தையும் திருப்பிக் கொடுத்தார். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஓட்டுவியா, கழட்டி விப்பியா?"

ஒரு மாதம் கழித்து பாயே தேடி வந்தார். புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் ஹெரால்டு இருக்கிறது, ஓடுகிற வண்டி அல்ல, பார்க்க நன்றாகவும் இருக்காது என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வைத்திருந்த வண்டி. அவர் 2019-ல் காலமாகிவிட்டார். அதற்கு 3 வருடம் முன்பே வண்டி நின்றுவிட்டது. 1969-ம் வருட மார்க்-3. நாலு கதவு. கிரீம் கலர் என்று சொன்னால்தான் தெரியும், அத்தனை தூசி. டிக்கியில் பூனை குட்டி போட்டிருந்தது. நாலு டயரும் தரையோடு தரை.

ஆசிரியரின் மனைவிக்கு வயது 78. இரண்டு காயலான் கடைக்காரர்களை ஏற்கனவே விரட்டியிருக்கிறார். வாலிபரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ இதை ஓட்டுவியா, கழட்டி விப்பியா?"

"ஓட்டத்தாம்மா கேக்குறேன்."

"அப்ப பாரு."

காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. துரு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. சேசிஸ் கைகளில் இரண்டு மட்டும் அரித்திருந்தன. "வெட்டி எடுத்துட்டு வெல்டு வச்சிக்கலாம். மறைச்சு வச்சாத்தான் பயம்" என்றார் பாய்.

என்ஜின் இறுகிக் கிடந்தது. அதை உடனே ஸ்டார்ட் செய்ய விடவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, மூன்றாம் நாள் முன்பக்கப் புல்லியைக் கையால் அசைத்தார். திரும்பியது. பேட்டரியைக் கொடுத்து முரட்டுத்தனமாகச் சுற்றியிருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்திருக்கும்.

அடுத்து வாலிபரை உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொன்னார். பாய் முன்னால் குனிந்து அந்தப் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்சை மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்ந்து, விட்டதும் பின்னால் போனால், கிராங்க் ஷாப்டைப் பிடித்திருக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அது கழன்று கீழே விழுந்தால் என்ஜின் பிளாக்கே பாழ். இதில் மயிரளவுதான் அசைவு. தப்பித்தது.

இன்னொரு இடம் முன் சக்கரம் திரும்பும் முட்டி. ஹெரால்டில் இந்த முட்டி வெண்கலத்தில் மரை போட்டது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாத மெக்கானிக்குகள் கிரீஸ் அடித்து அடித்து மரை இறுகி, ஒருநாள் ஒடிந்து சக்கரம் மடிந்து விழும். வண்டி ஓடும்போது விழுந்தால் கதை முடிந்தது. ஆசிரியர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆயில் விட்ட தேதியெல்லாம் எழுதி வைத்திருந்தார். பாய் அந்த நோட்டைத்தான் நிறைய நேரம் பார்த்தார்.

அம்மாள் 90 ஆயிரம் கேட்டார். பாய் டயரைக் காட்டி 70 என்றார். 75-ல் முடிந்தது.

இறந்தவர் பெயரில் ஆர்.சி.

வண்டியை விடப் பெரிய வேலை காகிதம். ஆர்.சி. ஒரிஜினல் புத்தகம் பீரோவில் பத்திரமாக இருந்தது. மூன்று எழுத்து, நாலு எண் கொண்ட பழைய நம்பர். சேசிஸ், என்ஜின் நம்பர் இரண்டும் பென்சில் தேய்த்து எடுத்ததில் அச்சாகப் பொருந்தின. ஆனால் உரிமையாளர் உயிரோடு இல்லை. இறந்தவரிடம் இருந்து யாரும் நேரடியாக வாங்க முடியாது. வாரிசு பெயருக்கு 31-ம் நம்பர் படிவத்தில் மாற்ற வேண்டும். 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியது, வருடக்கணக்கில் கிடந்துவிட்டது. தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கி, கோவையில் இருக்கும் மகனும் மஸ்கட்டில் இருக்கும் மகளும் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்து, அம்மாள் பெயருக்கு வர 4 மாதம் ஆனது. பழைய புத்தகத்து விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்ததால் அதற்கு வேறு நடை.

அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன். சொந்தக் காருக்கு முதல் 15 வருடம், அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரமானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10 ஆயிரமாக உயர்ந்தது. பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் கண்காட்சிக்கும் ரேலிக்கும்தான் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. "எங்கம்மாவை வடபழனி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவத்தானே வாங்குறேன்" என்று வாலிபர் அதை வேண்டாம் என்றுவிட்டார்.

இங்கேதான் சிக்கல். புதுப்பிக்க வேண்டுமானால் ஆய்வாளர் முன் வண்டி ஓட வேண்டும். ஓட வைக்க ரிப்பேர் செய்ய வேண்டும். இன்னும் தன் பேருக்கு வராத வண்டிக்கு அம்மாவின் காசைக் கொட்டுவதா?

மேல் வீட்டில் குடியிருக்கும் வக்கீல் குமாஸ்தா வழி சொன்னார். முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். அட்வான்ஸ் 15 ஆயிரம். ரிப்பேர் அம்மாள் வீட்டுக் கொட்டகையிலேயே நடக்கும். பிரேக், லைட், டயர், வெல்டிங் தவிர வேறு எதிலும் கைவைப்பதில்லை. பேரம் முறிந்தால் பில்லைக் காட்டி அம்மாளிடம் பணம் வாங்கிக்கொள்ளலாம். பெயர் மாறும்வரை வாலிபர் ரோட்டில் ஓட்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அம்மாளைக் காப்பாற்ற. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இதுவரை 38 ஆயிரம் செலவு. அதில் ஒரு பங்கு பெட்ரோல் குழாய்களுக்கு. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்பு டயாபிரத்தையும் அது அரிக்கும். இந்தக் காருக்குப் பழக்கமான ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது.

கடந்த வாரம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆய்வாளர் நம்பர்களைச் சரி பார்த்தார். லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் சரி. வளாகத்துக்குள்ளேயே கொஞ்சம் ஓட்டி பிரேக் போடச் சொன்னார். வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"சரி பண்ணிட்டு வியாழக்கிழமை கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வலது பக்கம் இழுத்தால் கோளாறு இடது பக்கத்தில். அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். புரசைவாக்கம் கொட்டகையில் இடது முன் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒழுகும் வீல் சிலிண்டரை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார் பாய். வாலிபர் பட்டறைக்கு வியாழக்கிழமை லீவு சொல்லியாகிவிட்டது.